தோள்வலி என்றுதான் நினைத்தோம்

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் என் மாமியார் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், யார் வந்து கேட்டாலும் குடல்வால் ஆபரேஷன் என்று சொல்ல வேண்டும் என்பது. நானும் சொன்னேன். பக்கத்து வீட்டுக்காரம்மா, பால்காரர், என் மூத்த பையனின் டீச்சர், எல்லோருக்கும் குடல்வால்தான். ஒரு கட்டத்தில் குடல்வால் எந்தப் பக்கம் இருக்கிறது என்று எனக்கே சந்தேகம் வந்து, தையல் போட்ட இடத்துக்கும் அதற்கும் பொருந்துமா என்று கவலைப்பட ஆரம்பித்தேன். அப்புறம் எரிச்சல் வந்துவிட்டது. செத்துப் பிழைத்தவள் நான். எதில் பிழைத்தேன் என்று சொல்லக்கூடவா எனக்கு உரிமை இல்லை? அதனால் எழுதுகிறேன். எனக்கு வந்தது குடல்வால் இல்லை. கருப்பையில் தங்க வேண்டிய கரு கருக்குழாயில் தங்கி, குழாய் வெடித்து, வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டியது. அது தெரியாமல் நான் தோளுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு வேலை பார்த்தேன்.

என் பெயர் மஞ்சுளா. பிறந்தது காவேரிப்பட்டினம் பக்கம், வாக்கப்பட்டது கெலமங்கலம், பிழைப்புக்கு இருப்பது ஓசூரில் ஒரு லைன் வீட்டில். காருக்கு வயர் கட்டும் கம்பெனியில் வேலை. காருக்குள் நரம்பு மாதிரி ஓடுமே வயர், அதை மொத்தமாகக் கட்டிக் கொடுப்பவர்கள் நாங்கள்தான். ஆள் உயரப் பலகை ஒன்று எங்கள் முன்னால் மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும். அதிலுள்ள கொக்கிகளில் வயரை மாட்டி, டேப் சுற்றி, கிளிப் போட்டு அனுப்ப வேண்டும். கை எந்நேரமும் தோளுக்கு மேலேதான். பாத்ரூம் போக வேண்டுமென்றால்கூடக் கையைத் தூக்கிக் காட்டி, ரிலீவர் வந்து நம் இடத்தில் நின்ற பிறகுதான் நகர முடியும். ரிலீவர் என்றால் மாற்று ஆள். மொத்த லைனுக்கும் ஒருத்திதான். எங்கள் லைனில் தோள் வலிக்காத பெண் கிடையாது. கம்பெனி டிஸ்பென்சரியில் போய் நின்றால் நாம் வாயைத் திறக்கும் முன்பே தைல டப்பாவை எடுத்து நீட்டுவார்கள். கம்பெனி பஸ்ஸில் எங்கள் ஷிப்ட் பெண்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மூக்கே சொல்லிவிடும்.

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூன்றாவது வேண்டாம் என்பதில் எனக்கும் என் வீட்டுக்காரர் முனிராஜுக்கும் சண்டையே கிடையாது. வேண்டாம் என்று முடிவெடுப்பது சுலபம். அதற்கு வழி கிடைக்க வேண்டுமே! சின்னவள் பிறந்த கையோடு காப்பர்-டி வைத்தார்கள். வைத்துவிட்டுத்தான் சொன்னார்கள். மாதா மாதம் தாரை தாரையாகப் போனது. அந்தப் போக்கோடு பலகை முன்னால் நிற்க முடியாமல் எடுத்துவிட்டேன். நிரந்தர ஆபரேஷன் செய்துகொள் என்றார்கள். செய்தால் கொஞ்ச நாள் வீட்டில் கிடக்க வேண்டும். நான் காண்ட்ராக்ட் தொழிலாளி, திரும்பிப் போகும்போது என் இடத்தில் வேறொருத்தி நிற்பாள். தினமும் போடும் மாத்திரை சுகாதார நிலையத்தில் இலவசம்தான். ஆனால் அது திறந்திருக்கும் நேரமெல்லாம் நான் கம்பெனிக்குள் இருப்பேன். ஒருநாள் லீவு போட்டுவிட்டுப் போனால், உங்கள் பதிவு கெலமங்கலத்தில் இருக்கிறது, அங்கே போய் வாங்கிக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மருந்துக்கடையில் கேட்கலாம் என்றால், எங்கள் தெரு மருந்துக்கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரரோடு கிரிக்கெட் ஆடுகிறவர். சரி, ஆணுறை என்று பேச்செடுத்தால் முனிராஜ் "அதெல்லாம் எனக்கு ஒத்துக்காது மஞ்சு" என்று தலையணையோடு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். அவருக்கு ஒத்துக்கொள்ளாததெல்லாம் என் உடம்புக்கு மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது கெலமங்கலத்தில் மாரியம்மன் பண்டிகை வந்தது. மருமகள் மாவிளக்கு எடுக்க வேண்டும். அதனால் தேதியைத் தள்ளிப்போடும் மாத்திரை போட்டுக்கொண்டேன். எங்கள் பக்கம் பண்டிகை என்றால் பாதிப் பெண்கள் போடுவார்கள். இந்த மாத்திரையை மட்டும் எந்தக் கடையிலும் கூச்சப்படாமல் கேட்கலாம், சாமி காரியம் பாருங்கள்! பண்டிகை முடிந்து மாத்திரையை நிறுத்தியும் வரவேண்டியது வரவில்லை. மாத்திரைச் சூடு, தானாக வரும் என்று சும்மா இருந்துவிட்டேன். ரொம்பத் தள்ளிப்போன பிறகுதான் கர்ப்பம் பார்க்கும் கார்டு வாங்கிப் பார்த்தேன். இரண்டு கோடு.

முறைப்படி ஆஸ்பத்திரிக்குத்தான் முதலில் போனேன், அதை யாரும் மறந்துவிட வேண்டாம். அங்கிருந்த நர்ஸ் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வீட்டுக்காரர் வந்து கையெழுத்துப் போடணும். கலைக்கறப்பவே குடும்பக் கட்டுப்பாடும் பண்ணிக்கணும். சம்மதம்னா ரெண்டு பேரும் வாங்க" என்றார். ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா என்றேன். "அதெல்லாம் அட்மிஷன் போட்டப்புறம்" என்றார். முனிராஜ் லேத் கம்பெனியில் இருக்கிறார். அவருக்கும் எனக்கும் ஷிப்ட் ஒத்துப்போவதே அபூர்வம். அந்த இரண்டு நிபந்தனையும் சட்டத்தில் கிடையாது, அந்த இடத்தின் பழக்கம் அவ்வளவுதான் என்பது எனக்கு ரொம்பப் பின்னால் தெரிந்தது. அன்றைக்குத் தெரியாது. திரும்பி வந்துவிட்டேன்.

லைனில் எனக்கு அடுத்த இடம் ரத்னம்மாவுடையது. அத்திப்பள்ளிக்காரி, தினமும் கர்நாடக பார்டர் தாண்டி வேலைக்கு வருகிறவள். வீட்டில் கன்னடம், எங்களோடு தமிழ், சூப்பர்வைசரோடு தெலுங்கு, திட்டும்போது மூன்றும் சேர்ந்து வரும். அவள் பக்கத்துக் கடை ஒன்றில் டாக்டர் சீட்டு கேட்காமலே கருக்கலைப்பு மாத்திரை கொடுப்பார்கள். எங்கள் லைனில் யாருக்குத் தேவைப்பட்டாலும் ரத்னம்மாதான் வாங்கி வருவாள். லாபத்துக்கு இல்லை, பஸ் காசுகூட வாங்க மாட்டாள்.

"பயமா இருக்குதுடி" என்றேன் அவளிடம்.

"ஏனூ ஆகல்லா! ஒண்ணும் ஆவாது. மொதல்ல ஒண்ணு, அப்புறம் மீதி. வயிறு வலிக்கும், போவும், முடிஞ்சிது. நானே ரெண்டு வாட்டி போட்டவ. எப்படி நிக்கறேன் பாரு, கல்லு மாதிரி" என்றாள்.

போட்டேன். முனிராஜுக்கும் தெரியும். அவர் பாவம் மிளகு ரசம் வைத்துக் கொடுத்தார். வலித்தது, போனது. அப்பாடா, விட்டது சனியன் என்று வேலைக்குப் போய்விட்டேன்.

விடவில்லை. பொட்டுப் பொட்டாகப் போய்க்கொண்டே இருந்தது. அடிவயிற்றில் ஒரு பக்கம் மட்டும் இழுத்துப் பிடித்தது. போட்டால் இப்படித்தான் கொஞ்ச நாள் இருக்கும் என்றாள் ரத்னம்மா. ஒருநாள் காலை பஸ்ஸில் போகும்போது அந்தப் பக்கம் சுரீரென்று ஒரு வலி வந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் வலது தோளின் முனையில் ஆரம்பித்தது. இழுத்து ஓவர்டைம் பார்த்ததால் என்று நினைத்தேன். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். டீ நேரத்தில் கேன்டீன் பெஞ்சில் கொஞ்சம் சாய்ந்தேன், வலி அதிகமானது. எழுந்து உட்கார்ந்தேன், குறைந்தது. வேலை செய்த தோள்வலி படுத்தால்தானே குறைய வேண்டும்? அது எனக்கு உறைக்கவே இல்லை. ரத்னம்மா ஜாக்கெட்டை இறக்கித் தைலத்தை அழுத்தித் தேய்த்துவிட்டாள். "உனக்குத் தோள் இல்ல மஞ்சு, பலகை" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

திரும்பப் போய் நின்றேன். கக்கூஸ் வருவது போல முட்டிக்கொண்டு வந்தது. கையைத் தூக்கினேன். ரிலீவர் அந்தக் கோடியில் வேறொருத்திக்காக நின்றுகொண்டிருந்தாள். தூக்கிய கையைக் கீழே போடாமல் நின்றேன். பலகை நகர்ந்துகொண்டே இருந்தது, என் பங்கு வயர் தொங்கிக்கொண்டு அப்படியே போனது. முகமெல்லாம் வியர்த்து, கண் இருட்டிக்கொண்டு வந்தது. ரத்னம்மா "நிறுத்துங்கடா லைன!" என்று கத்தியது கேட்டது. அதற்குப் பிறகு சிமெண்ட் தரையின் குளிர்ச்சிதான் ஞாபகம்.

கம்பெனி வேனில் முதலில் பக்கத்து நர்சிங் ஹோமுக்குக் கொண்டுபோனார்கள். பிரஷர் பார்த்துவிட்டு அவர்கள் பயந்துவிட்டார்கள். ரத்தம் ஏற்ற வசதி இல்லை, கிருஷ்ணகிரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள் என்று ஆம்புலன்ஸை வரவழைத்தார்கள். முனிராஜ் அந்த நர்சிங் ஹோம் வாசலுக்கே ஓடி வந்துவிட்டார். கையெல்லாம் மெஷின் ஆயில். அந்தக் கையோடு என் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தார். "தூங்காத மஞ்சு, என்னப் பாரு, தூங்கிடாத." சூளகிரி மேம்பாலம் ஏறும்போது எனக்கு வலியே இல்லை. ரொம்ப சுகமாக இருந்தது. அந்த சுகத்தை நினைத்தால்தான் இப்போது ஈரக்குலை நடுங்குகிறது.

கேஷுவாலிட்டியில் ஒரு டாக்டரம்மா. நடுத்தர வயது, சிடுசிடு முகம். "மாத்திரை ஏதாவது போட்டியா?" என்றார். சுற்றிலும் ஆட்கள். சொன்னால் போலீஸ் வருமா, ரத்னம்மாவைப் பிடிப்பார்களா, ஊருக்குத் தெரியுமா என்றெல்லாம் அந்த நிலையிலும் மூளை ஓடியது. அவர் என் காதருகே குனிந்தார். "இங்க பாரு. உன்னத் திட்டறதுக்குக் கேக்கல. உசுரக் காப்பாத்தறதுக்குக் கேக்கறேன். சீக்கிரம் சொல்லு." சொன்னேன். "ஸ்கேன் பாத்தியா அதுக்கு முன்னாடி?" இல்லை என்று தலையாட்டினேன். அவர் என்னைத் திட்டவில்லை. வயிற்றில் ஒரு ஊசியைச் செருகி இழுத்தார். ஊசிக்குழாய் நிறைய ரத்தம் வந்தது.

அங்கேயே நின்றபடி முனிராஜிடம் சொன்னார்: "கரு குழாய்ல தங்கிடுச்சு. குழாய் வெடிச்சிருக்குது. உள்ளயே ரத்தம் போய்க்கினு இருக்குது. வயித்தத் திறந்து அந்தக் குழாய எடுக்கணும், இப்பவே." அவர் "மாத்திரைதான் போட்டாளே, போச்சே..." என்று உளறினார். டாக்டரம்மா எழுதிக்கொண்டே விளக்கினார். மாத்திரை கருப்பையில்தான் வேலை செய்யும். கரு அங்கே இல்லாவிட்டாலும் கருப்பையின் உள்தோல் கழன்று ரத்தமாகப் போகும், பெண் எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொள்வாள். குழாயில் இருக்கிற கருவுக்கு ஒன்றும் ஆகாது. அது பாட்டுக்கு வளர்ந்து ஒருநாள் வெடிக்கும். மாத்திரை கெட்டதில்லை, கரு எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் போட்டதுதான் ஆபத்து. இவ்வளவையும் சொல்லிவிட்டு ஒரு தாளை என் பக்கம் நீட்டினார். நான் முனிராஜைப் பார்த்தேன். "அவரப் பாக்காத. உன் உடம்பு, நீ போடு" என்றார். விரல் பேனாவைப் பிடிக்கவில்லை. ஏதோ கிறுக்கினேன்.

கண் விழித்தபோது கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. யார் ரத்தம் என்று கேட்டேன். முனிராஜின் கம்பெனி ஆட்கள் யூனிபார்மோடு வந்து வரிசையில் நின்றார்களாம். அவர்களோடு அந்தக் கிரிக்கெட் மருந்துக்கடைக்காரரும் நின்றாராம். எனக்கு அழுவதா சிரிப்பதா தெரியவில்லை. எந்தக் கடையில் வாய் திறந்து கேட்க வெட்கப்பட்டேனோ அந்தக் கடைக்காரரின் ரத்தம் என் உடம்பில் ஓடுகிறது.

தொண்டை காய்ந்து கிடந்தது, தண்ணீர் கொடுக்க மாட்டார்கள். வயிற்றில் வாயு சேர்ந்து புரட்டியது. எழுந்து நட, நட என்று நர்ஸ்கள் விரட்டினார்கள். மூத்திரப் பையைக் கையில் தூக்கிக்கொண்டு முனிராஜ் பின்னாலேயே நடந்தார். பெண்கள் வார்டில் ஆம்பளை என்ன என்று துரத்தினால் வாசலில் போய் நிற்பார், மறுபடி வருவார். செலவுக்கு அவர் பைக்கை விற்றது எனக்கு வீட்டுக்கு வந்துதான் தெரியும். ஒரு மத்தியானம் என் தலை சிக்குப் பிடித்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டு சீப்பு வாங்கி வந்தார். பின்னத் தெரியாமல் மூன்று தடவை அவிழ்த்துக் கட்டினார். பக்கத்துக் கட்டில் பெண் "எங்கூட்டுக்காரரையும் கத்துக்கச் சொல்லுங்க" என்று கிண்டல் பண்ணினாள். இந்த மனுஷன்தான் ஒத்துக்காது ஒத்துக்காது என்று திரும்பிப் படுத்தவர். கோபமும் வந்தது, பாசமும் வந்தது, இரண்டையும் வைத்துக்கொண்டு பேசாமல் தலையைக் கொடுத்து உட்கார்ந்திருந்தேன்.

டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்தபோது, கூட வந்த மாணவிகளிடம் என்னைக் காட்டி, "கேளுங்க அவங்கள, தோள் வலிச்சுதான்னு" என்றார். நான் திடுக்கிட்டேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றேன். "வயித்துக்குள்ள கொட்டற ரத்தம் மேல ஏறி, நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கற தசையப் போய்த் தொடும். அந்த எடத்து நரம்பும் தோளோட நரம்பும் கழுத்துல ஒரே எடத்துலருந்து வருது. அதனால வலி தோள்ல தெரியும். படுத்தா அதிகமாவும்" என்றார். சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். எனக்கு இன்னொரு தோள் ஞாபகம் வந்தது.

புஷ்பா!

அது அவள் பெயர் இல்லை. மாற்றியிருக்கிறேன், ஊரையும் சொல்ல மாட்டேன். எங்கள் லைனில் போன வருஷம் வரை இருந்தவள். கல்யாணம் ஆகாத பெண், ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். பேசிக்கொண்டே வேலை செய்வாள், டேப் சுற்றுவதில் அவள் வேகம் யாருக்கும் வராது. ஒருநாள் கேன்டீனில் வந்து, "அக்கா, தோள் கழண்டு விழற மாதிரி இருக்குது. படுக்கவே முடில" என்றாள். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். "எங்களுதெல்லாம் கழண்டு எத்தினி வருஷம் ஆச்சு, நீ இப்பத்தான் சேர்றியா" என்றோம். ஆளாளுக்குத் தைலம் தேய்த்துவிட்டோம். மறுநாள் ஹாஸ்டல் பாத்ரூமில் விழுந்து கிடந்தாள். வெள்ளைத் துணி மாதிரி வெளுத்துப் போயிருந்தாளாம். ஹார்ட் அட்டாக் என்று சொன்னார்கள். இந்த வயசில் ஹார்ட் அட்டாக்கா என்று அவள் அப்பா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக் கேட்டார். அப்புறம் அவரே, என் பிள்ளையை அறுக்காதீர்கள் என்று கும்பிட்டு, வண்டி பிடித்துக் கொண்டுபோய்விட்டார்.

அவளுக்கும் இதுதானா என்று எனக்குத் தெரியாது. தெரியவும் போவதில்லை. எரித்துவிட்டார்கள். ஆனால் அந்த வார்டில் கிடந்த நாளெல்லாம் அவள் என்னை விடவில்லை. பேய் பிசாசு என்று சொல்லவில்லை, எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. கண்ணை மூடினால் அந்தத் தோள் என் உள்ளங்கைக்குக் கீழே வந்து நிற்கும். ஒல்லியான தோள், எலும்பு தட்டும். தைலம் படப்பட அவள் கண்ணை மூடிக்கொண்டு "ஹப்பா, இப்பத் தேவல" என்றது கேட்கும். தேவலையாகி இருக்க முடியாது. எங்களுக்காகச் சொல்லியிருக்கிறாள். மின்விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே கிடப்பேன், எனக்கு ஏறும் ரத்தத்தைப் பார்ப்பேன். இவ்வளவு ரத்தம் அவளுக்கு ஏற்ற ஒருத்தரும் இல்லாமல் போனார்களே என்று அடிவயிறு தையலோடு சேர்ந்து வலிக்கும்.

ரத்னம்மா பார்க்க வந்தாள். வார்டு வாசலிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள். "என் கையாலயே வாங்கியாந்து குடுத்தேனேடி" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். டாக்டரம்மா தோள்வலி பற்றிச் சொன்னதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் முகம் மாறியது.

"ரத்னா, புஷ்பாவுக்கும் நீ வாங்கிக் குடுத்தியா?" என்று கேட்டேன்.

புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். "கேட்டா" என்றாள். "ஃப்ரெண்டு ஒருத்திக்கு வேணும்னு கேட்டா. நான் குடுக்கல மஞ்சு. கல்யாணம் ஆவாத புள்ள, நமக்கெதுக்கு வம்புன்னு, போயி உங்கம்மாகிட்டச் சொல்லுன்னு அனுப்பிட்டேன்." அப்புறம் சன்னமான குரலில், "கல்யாணம் ஆனவங்களுக்கு எல்லாம் குடுத்தேன். அவளுக்குத்தான் குடுக்கல" என்றாள். கொடுத்திருந்தாலும் பிழைத்திருப்பாளோ என்னவோ. அவளுக்குத் தேவைப்பட்டது ஒரு ஸ்கேன், ஒரு டாக்டர், திட்டாமல் குனிந்து கேட்கிற ஒரு குரல். அது எனக்குக் கிடைத்தது, நான் லைனில் எல்லோர் கண் முன்னாலும் விழுந்ததால் கிடைத்தது.

வீட்டுக்கு வந்த பிறகு குடல்வால் கதை. அதைத்தான் முதலிலேயே சொன்னேனே. உடம்பு தேறி வேலைக்குப் போன முதல் நாள், நல்லவேளை என் இடத்தை ரத்னம்மா சண்டை போட்டுக் காப்பாற்றி வைத்திருந்தாள், பஸ்ஸில் பெண்கள் சூழ்ந்துகொண்டு குடல்வால் எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். வாய்வரை வந்த பொய் அங்கேயே நின்றுவிட்டது. புஷ்பாவின் கதையைச் சொன்னால் எல்லோருக்கும் சட்டென்று புரியும். ஆனால் செத்தவளின் பெயரில் ஊர் வாய் வைக்கும், அந்த அப்பா அதைத் தாங்க மாட்டார். ஆகவே என்னுடையதைத்தான் சொல்ல வேண்டும்.

"குடல்வால் இல்லடி. கரு குழாய்ல நின்னு வெடிச்சிடுச்சு. கலைக்கற மாத்திரை போட்டேன், ஸ்கேன் பாக்காமப் போட்டேன்" என்றேன்.

பின் சீட்டு லட்சுமியக்கா, "பஸ்ல பேசற பேச்சா இது? டிரைவர் இருக்காரு" என்றார்.

"டிரைவருக்கும் பொண்டாட்டி இருக்காங்க, கேட்டுக்கட்டும்" என்றேன். "தேதி தள்ளிப்போயிருந்து தோளும் வலிச்சா யாரும் தைலம் தேய்ச்சிகினு உக்காராதீங்க. ஓடுங்க ஆஸ்பத்திரிக்கு. வீட்டுக்காரர் கையெழுத்து வேணும்னு யாராவது சொன்னா, வேணாம்னு சொல்லுங்க. வேணாம்னுதான் சட்டம்."

ரத்னம்மா எழுந்து நின்று, "நான் இனிமே வாங்கியாற மாட்டேன். ஆஸ்பத்திரிக்கு வேணும்னா கூட வர்றேன்" என்றாள். மாமியார் காதுக்கு விஷயம் சாயந்திரத்துக்குள் போய்விட்டது. அவர் என்னோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை. முனிராஜ், ஆண்களுக்கும் சின்ன ஆபரேஷன் இருக்கிறதாமே என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார். செய்துகொண்ட பிறகு நம்புகிறேன்.

பஸ்ஸில் பேசிய சில நாளில் கீதா என்ற பெண் என்னைத் தனியாகப் பிடித்தாள். இருபத்தொரு வயது, புஷ்பா இருந்த அதே ஹாஸ்டல். "எனக்குத் தள்ளிப்போயிருக்குதுக்கா" என்றாள்.

"தோள் வலிக்குதா?"

"தோள் எப்பவும் வலிக்குது. எது எந்த வலின்னு எனக்கு எப்படிக்கா தெரியும்?"

எனக்குக் கிருஷ்ணகிரியில் செக்கப் இருந்தது, அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் வழி முழுக்க அவள் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரி காம்பவுண்டுக்குள் நுழைந்ததும் குழாயடிப் பக்கம் ஒதுங்கி, பையிலிருந்து ஒரு மஞ்சள் கயிறு எடுத்தாள். நடுவில் மஞ்சள் கிழங்குத் துண்டு கட்டியிருந்தது.

"இதக் கட்டி வுடுங்கக்கா. கழுத்துல ஒண்ணும் இல்லன்னா ஒரு மாதிரி பாப்பாங்களாம்."

வேண்டாம், நிமிர்ந்து நட என்று சொல்லத்தான் வாய் வந்தது. பஸ்ஸில் அத்தனை பேர் முன்னால் பேசியவள் நான். ஆனால் அங்கே வரிசையில் உட்காரப்போவது அவள், நான் இல்லை. அவள் கூந்தலை ஒதுக்கிப் பின்கழுத்தில் கட்டினேன். தம்பி கல்யாணத்தில் நாத்தனாராக நின்று முடிச்சுப் போட்ட கை இது. இங்கே மூன்று முடிச்சும் நானே போட வேண்டியிருந்தது. அவள் தோளில் கை வைத்தேன். பிடித்துக்கொண்டேன், கையை எடுக்கவே மனம் வரவில்லை.

டாக்டரம்மாவே ஸ்கேன் பார்த்தார். நான் அந்தத் திரையைப் பார்க்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். "கருப்பைலதான் இருக்குது" என்றார். எனக்கு உயிர் வந்தது. ஆறு வாரம்தான் ஆகிறது, மாத்திரையே போதும், எங்கள் கண் முன்னால் போடு, பதினைந்து நாள் கழித்து வந்து காட்டு, எல்லாம் இலவசம் என்று சொல்லிவிட்டு, கீதாவின் கழுத்தை ஒரு பார்வை பார்த்தார். மஞ்சள் ஈரம் காயாமல் அவள் சுடிதார் கழுத்தில் ஒட்டியிருந்தது.

"கல்யாணம் ஆச்சான்னு நான் கேக்கல. அது எனக்குத் தேவையும் இல்ல. பதினெட்டு முடிஞ்சிருச்சு இல்ல? உன் கையெழுத்து மட்டும் போதும்" என்றார்.

கீதா குலுங்கிக் குலுங்கி அழுதாள். கையெழுத்தைத் தெளிவாகப் போட்டாள். அன்றைக்கே நானும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போடும் கருத்தடை ஊசியைப் போட்டுக்கொண்டேன். பதிவு எந்த ஊரில் என்று யாரும் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் கீதா கயிற்றை அவிழ்த்தாள். "குப்பைல போட்டுடு" என்றேன்.

அவள் போடவில்லை. மடித்து மடித்துச் சின்னதாக்கி என் கையில் வைத்தாள். "டாக்டரம்மா கேக்க மாட்டாங்கக்கா. வெளில பெஞ்சுல உக்காந்துகினு இருக்கறவங்க கேக்கறாங்க. நீங்க வச்சிக்கங்க. அடுத்து வர்றவளுக்கு ஆவும்."

இப்போது அது என் பையில்தான் இருக்கிறது. இதுவரை மூன்று பேர் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். மஞ்சள் வெளுத்துப்போனால் நான்தான் மறுபடி தேய்த்து வைக்கிறேன்.